மாப்பிள்ளை எங்கே?

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ராத்திரியில் பேரன் தூங்கவிடுவதில்லை, பகலில் மருமகளுக்கு ஒத்தாசை. அதனால்தான் தாமதம் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனால் உண்மை அதுதான். கல்யாணத்துக்கு வராமல் போனதை இன்னொரு தடவை மன்னித்துவிடு. டாக்டர் சொன்ன நாளும் முகூர்த்த நாளும் ஒரே வாரத்தில் வந்து விழும் என்று யார் கண்டது?

நீ எழுதியதில் ஒன்று மனசில் நின்றுவிட்டது. கெட்டிமேளம் கொட்டும்போது மேடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பாதி நாற்காலி காலி, எல்லாரும் பந்திக்கு இடம்பிடிக்கப் போய்விட்டார்கள் என்று குறைப்பட்டிருந்தாய். அதைப் படித்த மறுநாள் நானும் இங்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். நடந்து 450 வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட கல்யாணம்.

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் ப்ரூகல் ஓவியங்கள் இருக்கின்றன. 1569இல் பிரஸ்ஸல்ஸில் இறந்த மனிதர். அவர் வரைந்ததில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 40 ஓவியம். அதில் 12 இங்கே. வேறு எந்த ஊரிலும் இத்தனை கிடையாது. குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரம் எனக்கு லீவு என்று பேசி வைத்திருக்கிறேன். டிராம் ஏறி நேரே அங்கேதான் போவேன். வழியில் இருக்கும் ரூபன்ஸ் என்ற ஓவியரின் அறைகளை வேகமாகத் தாண்டிவிடுவேன். அந்தச் சதைப் பெருக்கம் எனக்கு ஒத்துவரவில்லை.

'விவசாயிகளின் கல்யாணம்' என்ற படம். கல்யாண மண்டபம் என்று ஒன்றும் இல்லை, தானியக் களஞ்சியம்தான். பின்சுவர் மாதிரி தெரிவது அடுக்கிவைத்த வைக்கோல். நீள மேசையில் பந்தி நடக்கிறது. பரிமாறத் தட்டு போதவில்லை போல, ஒரு கதவையே கழற்றி, கழியில் வைத்து இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். அதன்மேல் வரிசையாகக் கஞ்சிக் கிண்ணங்கள். தூக்குகிறவன் ஒருவனின் தொப்பியில் மரக்கரண்டி செருகியிருக்கிறது. மூலையில் ஒருவன் பெரிய ஜாடியிலிருந்து சின்ன ஜாடிக்கு பீர் ஊற்றுகிறான். தரையில் ஒரு குழந்தை, கண்ணை மறைக்கிற தொப்பி, அதில் மயிலிறகு. சுற்றி என்ன நடக்கிறது என்ற கவலையே இல்லாமல் விரலால் தட்டை வழித்து நக்குகிறது. பைக்குழல் வாசிக்க வந்தவன் வாசிப்பை விட்டுவிட்டு அந்தக் கதவையே வெறித்துப் பார்க்கிறான். நம் ஊர் நாகஸ்வரக்காரர் இலையை எட்டிப் பார்க்கும் அதே பார்வை.

பெண் இருக்கிறாள். பின்னால் ஒரு துணி தொங்குகிறது, தலைக்கு மேல் காகிதக் கிரீடம் கட்டியிருக்கிறது. கையைக் கோத்துக்கொண்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறாள். சரி, மாப்பிள்ளை எங்கே? அதுதான் தெரியாது! பீர் ஊற்றுகிறவன்தான் என்கிறார்கள் சிலர். மேசை ஓரத்தில் திரும்பிக் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கிறானே, அவன்தான் என்கிறார்கள் சிலர். முடிவான பதில் இல்லை. அப்புறம், அந்தக் கதவுக்குக் கீழே பார்த்தால் இரண்டு காலோடு மூன்றாவதாக ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது யாருடையது என்று நானும் உட்கார்ந்து எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டேன், கணக்கு உதைக்கிறது.

இவரை 'விவசாயி ப்ரூகல்' என்று ஒரு காலத்தில் அழைத்தார்கள். அசல் நகரத்து ஆள். 1551இல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்து, இத்தாலி வரை போய்வந்தவர். அவர் இறந்து 35 வருடம் கழித்து, 1604இல், கரெல் வான் மான்டர் என்பவர் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். அதில் ஒரு கதை சொல்கிறார். ப்ரூகலும் ஹான்ஸ் ஃபிராங்கர்ட் என்ற வியாபாரியும் கிராமத்து உடை போட்டுக்கொண்டு, கையில் மொய்யும் எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத கல்யாணங்களுக்குப் போவார்களாம். கேட்டால் பெண் வீட்டுச் சொந்தம் என்றோ மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்றோ சொல்லிக்கொள்வார்களாம். எவ்வளவு நிஜமோ, படித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அழைக்காத வீட்டுக்கு அவர் போனார், அழைத்த வீட்டுக்கு நான் வரவில்லை.

உன் காலி நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். அதே கூடத்தில் 'கல்வாரிக்குச் செல்லும் ஊர்வலம்' இருக்கிறது, 1564இல் வரைந்தது. கல்வாரி என்பது ஏசுவைச் சிலுவையில் அறைந்த குன்று. நூற்றுக்கணக்கான மனிதர்கள். சிவப்புச் சட்டைக் குதிரை வீரர்கள், தலைச்சுமைக்காரர்கள், ஓடி விளையாடும் பிள்ளைகள், பாறை உச்சியில் ஒரு காற்றாலை. திருவிழா பார்க்கப் போகிற கூட்டம் மாதிரிதான் இருக்கிறது. ஏசுவைக் கண்டுபிடிக்க நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சிலுவையோடு விழுந்து கிடக்கிறார், அதுவும் படத்தின் சரியான நடுவில். அவ்வளவு சின்ன உருவம். அங்கே நின்று யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்ப்பது இடது பக்கத்தில் நடக்கும் கைகலப்பை. சிலுவையைத் தூக்க உதவச் சொல்லிச் சீமோனைப் படைவீரர்கள் இழுக்கிறார்கள், அவன் மனைவி விடாமல் பிடித்து இழுக்கிறாள். அவள் இடுப்பில் ஜெபமாலை தொங்குகிறது! ஏசுவை நம்பி ஜெபமாலை உருட்டுகிற பெண், ஏசுவுக்கு ஒரு கை கொடுக்கப் புருஷனை விடமாட்டேன் என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

பையன் பிரஸ்ஸல்ஸில் படித்த காலத்தில் அங்கே பார்த்த இரண்டு படங்களும் இப்போதுதான் எனக்குப் பிடிபடுகின்றன. ஒன்று 1566இல் வரைந்த 'பெத்லகேமில் குடிக்கணக்கு'. ஏசு பிறந்த பெத்லகேம் என்பது பேருக்குத்தான், இருப்பது ப்ரூகலின் சொந்தச் சீமையான ஃபிளாண்டர்ஸில் பனி மூடிய ஒரு கிராமம். சத்திரத்து வாசலில் பதிவுக்கு ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். சுவரில் ஹாப்ஸ்பர்க் அரசின் இரட்டைத் தலைக் கழுகு. அன்றைக்கு அந்த நாட்டை ஆண்டதும் அதே குடும்பம்தான், அதனால் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும். முன்னால் பன்றியை அறுக்கிறார்கள். பிள்ளைகள் பனியை உருட்டி எறிகிறார்கள். நடுவே நீல முக்காடு போட்ட ஒருத்தி கழுதைமேல் வருகிறாள், முன்னால் ரம்பத்தைத் தோளில் போட்ட ஒரு தச்சன். ஏசுவின் தாய் மாதாவும் அவள் கணவர் சூசையப்பரும் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மற்றது இகாரஸ். மெழுகு வைத்து ஒட்டிய இறக்கையோடு சூரியனுக்குக் கிட்டே பறந்து, மெழுகு உருகி, கடலில் விழுந்த கிரேக்கத்துப் பையன். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய கதையில், அவனும் அவன் அப்பனும் பறப்பதைப் பார்த்து உழவனும் இடையனும் தூண்டில்காரனும் தேவர்கள் என்று வியந்து நிற்பார்கள். படத்திலும் அதே மூன்று பேர் இருக்கிறார்கள். உழவன் தன் ஏரை ஓட்டுகிறான், இடையன் வேறெங்கோ வானத்தைப் பார்க்கிறான், தூண்டில்காரன் தூண்டிலிலேயே கண். வலது ஓரத்தில், கப்பலுக்குப் பக்கத்தில், தண்ணீரிலிருந்து இரண்டு கால் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. இந்தப் படம் அவர் கைப்பட்டதல்ல, தொலைந்துபோன மூலத்தைப் பார்த்து வரைந்த நகல் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும், யோசனை அவருடையதுதானே.

அதனால் பந்திக்குப் போனவர்கள்மேல் கோபப்படாதே. ப்ரூகல் உன் மண்டபத்துக்கு வந்திருந்தால் மேடையை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, பாயசத்துக்கு நீண்ட கைகளைத்தான் வரைந்திருப்பார்.

தங்கச்சியிடம் முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்புவதாகச் சொல். அப்புறம், ஆல்பம் வந்ததும் தபாலில் போடு. வீடியோ வேண்டாம், படமாகவே பார்க்கிறேன். மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.

உன் மச்சான்