புழக்கடைப் பட்டறைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

திருப்பூரில் வீட்டுப் புழக்கடையில் சத்தம் வெளியே போகாத மரப்பட்டறை ஒன்று எழுந்து நிற்கிறது. உள்ளளவு 12க்கு 10 அடி, உயரம் 8 அடி. சிமென்ட், திருகு, சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை), மின்கம்பி, தீத்தடுப்பு மருந்து தவிர ஏறக்குறைய எல்லாமே பழசு, உங்களிடமிருந்து வந்தவை. எதற்கு நன்றி என்பதை விவரமாகவே எழுதுகிறோம், அடுத்துக் கட்டுகிறவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி பழைய கட்டடச் சாமான் கடை அண்ணனுக்கு. இடித்த வீட்டுச் செங்கல்லை எண்ணிப் பார்க்காமல் ஏற்றிவிட்டதோடு, 9 அங்குலச் சுவர் என்றாலும் உள்ளும் புறமும் பூச வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். பூசாத சுவரில் கலவையின் நுண்துளைகள் வழியே சத்தம் தாராளமாகப் போகும்.

இரண்டாவது, ஆசாரி ஐயாவுக்கு. செங்கல் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, எங்கும் அதைத் தொடாமல், 4க்கு 2 அங்குலப் பழைய சட்டங்களால் உள்கூடு அடித்தது அவர் யோசனை. உள்கூரையும் அந்தக் கூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, செங்கல் சுவரில் ஏறவில்லை. சட்டம் நிறுத்துமுன் இடைவெளியில் விழுந்த கலவைக் கட்டிகளைப் பொறுக்கி எடுக்கச் சொன்னார். இரண்டு சுவரையும் ஒரு கட்டி இணைத்தாலும் அதிர்வு அதன் வழியே ஏறிவிடும். மிஞ்சிய ப்ளைவுட்டைச் சட்டத்தின் பின்பக்கமும் அடிக்கலாமே என்ற யோசனையைத் தடுத்ததும் அவர்தான். செங்கலுக்கும் உள்பலகைக்கும் நடுவே உள்ள 6 அங்குலக் காற்று ஒரே ஸ்பிரிங்காகத் தளர்வாக வேலை செய்ய வேண்டும். நடுவில் ஒரு தகடு வந்தால் அந்த ஸ்பிரிங் இரண்டாகி விறைத்துவிடும். மோட்டாரின் கனத்த உறுமல் முன்பைவிட அதிகமாகவே வெளியே கேட்கும்.

பனியன் வேஸ்ட் குடோன் அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். 4 அங்குலக் கூட்டை நிரப்ப ஏறக்குறைய 130 கிலோ பருத்திக் கழிவு, கன அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இறுக்கித் திணித்தால் துணியே அதிர்வைக் கடத்தும். தளர விட்டால் நாளடைவில் சரிந்து மேல்பாதி காலியாகும். பழைய கொசுவலையில் 2 அடி உயரப் பைகளாகத் தைத்துத் தந்தார்களே, சரிவுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. பருத்தி பற்றிக்கொள்ளும் பொருள் என்பதால், 10 லிட்டர் வெந்நீரில் 700 கிராம் வெண்காரமும் (போராக்ஸ்) 300 கிராம் போரிக் அமிலமும் கரைத்து நனைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடைத்தோம். கரையானுக்கும் அது ஆகாது. இருந்தாலும் தீப்பொறி பறக்கும் இரும்பு வேலை இந்த அறையில் கிடையாது.

சென்ட்ரிங் வேலைத் தம்பிகள் கொடுத்த 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு அடுக்காக உள்சுவரானது. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பு மேல் வராதபடி அடிக்க வேண்டும். அறுக்குமுன் ஒட்டிய சிமென்ட்டைச் சுரண்டி, ஒளிந்திருக்கும் ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பொறுமைக்குத் தனி நன்றி.

முட்டை அட்டையும் தெர்மாகோலும் கொண்டுவந்தவர்களின் அன்புக்கும் நன்றி. எடையில்லாத பொருள் சத்தத்தை மறிக்காது என்பதால் அவற்றைப் பயன்படுத்தவில்லை. இலவசமாகக் கிடைத்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளையும் தொடவில்லை. அதை அறுக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

பங்க்சர் கடைக்காரர் தந்த லாரி ட்யூப்தான் இந்த அறையின் உயிர். பட்டையாக நறுக்கியது சட்டத்தின் அடியிலும், மடித்தது கதவு நிலையைச் சுற்றிலும் போயிருக்கிறது. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் மறிக்காது. பழைய தேக்குக் கதவின் பலம் சட்டத்தில்தான். நடுப் பலகை மெலிசு. அந்தப் பள்ளங்களில் ப்ளைவுட் துண்டுகளை ஒட்டிக் கனமாக்கினோம். இடுக்குகளுக்குச் சுவர் மக்கு (வால் புட்டி) வேண்டாம், காய்ந்ததும் வெடிக்கும். அக்ரிலிக் சீலன்ட் நெகிழ்ந்து கொடுக்கும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியே சுற்றிவந்தால், ஒளி கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும் இடம்.

எலக்ட்ரீஷியன் தம்பி சுவிட்ச் பெட்டிகளுக்காகச் சுவரை வெட்டவே விடவில்லை, எல்லாம் மேலே பொருத்தியவை. காற்று வர ஒன்றும் போக ஒன்றுமாக, 4 அடி நீளத்தில், உள்ளே இரண்டு திருப்பங்களோடு, தென்னைநார் மெத்தைத் துண்டு ஒட்டிய பலகைப் பெட்டிகளைச் செய்ததும் அவரே. பெட்டியின் வழி விசிறியின் வாயைப்போல் இரண்டு மடங்கு அகலம். குறுகினால் காற்றே சீறும்.

பக்கத்து வீட்டு அம்மா, தன் படுக்கையறை ஜன்னலில் போனை வைத்து இழைப்பு எந்திரத்தின் சத்தத்தை அளந்து சொல்லிக்கொண்டே இருந்தார். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்லும் பகல் வரம்பு 55 டெசிபல், இரவுக்கு 45. போன் அளவு துல்லியமில்லை, ஆனால் ஒவ்வொரு இடுக்கை அடைத்த பிறகும் எவ்வளவு குறைந்தது என்று தெரிய அதுவே போதுமாக இருந்தது. இரவு 10 மணிக்கு மேல் எந்திரம் ஓடாது என்பது அவருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு.

லாரி ட்யூப் பட்டைகளும் 20 கிலோ அளவுக்கு மருந்தேற்றிய பனியன் வேஸ்ட்டும் மீதி இருக்கின்றன. தவில் பழகும் அறையோ பட்டறையோ கட்டுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பட்டறைக் குழுவினர்