கீழ்பவானிப் பாசன சபைக்கு மென்பொருள் எழுதப் போகும் அம்மணிக்கு

அன்புள்ள அம்மணிக்கு,

கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு உங்கள் நாலு பேர் குழு ஒரு பாசன சபையின் கணக்கு வழக்கை எடுத்திருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. வருகைப் பதிவு, நூலகப் பதிவு என்று வருஷா வருஷம் ஒன்றையே திருப்பிச் செய்யாமல், வாய்க்கால் கரைக்கு வந்திருக்கிறீர்கள். இங்கே ஒரு கணக்கு பிசகினால் கடைமடையில் ஒருவர் வயல் காயும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ எழுதப்போகும் மென்பொருளை மே மாதத்துக்குப் பிறகு யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை இன்றைக்கே தீர்மானித்துவிடு. சபையின் செயலாளர்தான் ஓட்டுவார். அவருக்குக் காலையில் பால் கறக்கிற வேலை, அப்புறம் காட்டு வேலை. கணக்கெழுத உட்காருவது சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்காத எதையும் கட்டாதே.

முதல் இரண்டு வாரம் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகம், ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம் நான்கையும் வாங்கி வைத்துப் படி. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமா, 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்ததா, பதிவே இல்லாத ஊர் ஏற்பாடா என்று கேட்டுக்கொள். யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு என்பது அதைப் பொறுத்து மாறும். பிறகு ஒரு மாத வசூலை அவர்கள் நோட்டில் எழுதுகிற மாதிரியே உன் கையால் எழுதிப் பார். பேனாவால் எழுதத் தெரியாத கணக்கை நிரலில் எழுத முடியாது.

மதகைப் பற்றி முதலில் தெளிவாகிக்கொள். பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிற வாய்க்கால் இது. ஒரு போகத்தில் பாதி ஆயக்கட்டுக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்குத்தான் திறப்பார்கள். பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு வருஷம் நன்செய்த் தண்ணீர் என்றால், இரட்டைப்படைக்குப் புன்செய். அடுத்த வருஷம் மாறும். சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயில் இது தலைகீழ்: பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படைக்குத் திறக்கும்போது அங்கே இரட்டைப்படைக்குத் திறப்பார்கள். ஆகவே மதகு எண்ணை இரண்டால் வகுத்துப் பார்த்துப் போகத்தைக் கண்டுபிடிக்கிற நிரலை எழுதாதே. போகம், வருஷம், மதகு, திறந்த நாள், அடைத்த நாள் என்று தனி அட்டவணையே வை. நன்செய்க்கு ஆகஸ்ட் 15-இல் திறப்பது வழக்கம்தான். அணையின் இருப்பைப் பார்த்து வருகிற அரசாணைப்படி தேதி முன்பின் ஆகும்.

அடுத்தது நிலம். பெரும்பாலான மாணவர் குழுக்கள் இங்கேதான் வழுக்கி விழும். பட்டாவில் பரப்பளவு 0.40.50 என்று இருக்கும். ஹெக்டேர், ஏர், அதற்குக் கீழே ஏரில் நூற்றில் பங்கு, அதாவது சதுர மீட்டர். 0.40.50 என்றால் 4,050 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒரு ஏக்கர். இரண்டாவது புள்ளியை விட்டுவிட்டு 0.40 ஹெக்டேர் என்று படித்தால் ஒரு சென்டுக்கு மேல் காணாமல் போகும். பதிவில் சதுர மீட்டரை முழு எண்ணாகச் சேமி. திரையிலும் ரசீதிலும் ஏக்கர், சென்ட்டாகக் காட்டு, ஏனென்றால் இங்கே யாரும் ஏரில் பேசுவதில்லை. பெருக்குவதற்கு முன்னால் சென்ட்டுக்கு முழுமைப்படுத்து. ஏக்கருக்கு 100 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொண்டால், முழுமைப்படுத்தாமல் பெருக்குகிறபோது 100 ரூபாய் 8 காசு என்று ரசீது வரும். அந்த 8 காசைப் பார்த்ததும் உன் மென்பொருள் மேலிருக்கும் நம்பிக்கை போய்விடும்.

புல எண்ணில் இன்னொரு பொறி. 12/3 என்று எக்செல்லில் அடித்தால் அது தேதியாக மாறிவிடும். கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் பழைய எண்ணை மீட்க வழியில்லை. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை உரை என்று மாற்றி வை. 112/2A1 போன்ற உட்பிரிவுகளில் அந்த ஆங்கில எழுத்தைச் சிலர் 'ஏ' என்று தமிழில் எழுதியிருப்பார்கள். ஒரே முறைக்குக் கொண்டுவா. சபையின் பழைய ஆயக்கட்டுப் பதிவேட்டில் க.ச. என்று போட்ட பழைய சர்வே எண்ணும், பட்டாவில் ரீசர்வே எண்ணும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

ஆளையும் நிலத்தையும் ஒரே வரியில் எழுதாதே. ஆள் ஒரு அட்டவணை, பூமி ஒரு அட்டவணை, யார் எந்தப் பூமியை அனுபவிக்கிறார் என்று இரண்டையும் இணைக்கிற அனுபவ அட்டவணை மூன்றாவது. அந்த மூன்றாவதில் பங்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஆகும், கிரயம் ஆகும், கூட்டுப்பட்டாவில் மூன்று பேர் இருந்து ஒருவரே உழுவார். பழைய வரியை அழித்து எழுதினால் போன வருஷ பாக்கி யாருடையது என்று பொதுக்குழுவில் பதில் சொல்ல ஆளிருக்காது.

போன் நம்பரை ஆளின் அடையாளமாக வைக்காதே. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நம்பர்தான் பதிவாகியிருக்கும். ஆதாரை வாங்கவே வேண்டாம். தண்ணீர் முறைக்கும் சந்தாவுக்கும் அது தேவைப்படுவதில்லை. தேவையில்லாத தகவலை வாங்கினால் காப்பாற்றுகிற பொறுப்பும் சேர்ந்து வரும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. சபையே ஒரு உறுப்பினர் எண் கொடுக்கட்டும்.

பேர் என்று வரும்போது ஒரே மதகில் ஏழெட்டுப் பழனிச்சாமி இருப்பார்கள். ஊரில் அவர்களைப் பிரித்தறிவது இனிஷியலால் அல்ல, தோட்டத்துப் பேரால். பள்ளத்துத் தோட்டம், மேக்காடு, கிணத்துத் தோட்டம் என்று சொன்னால்தான் ஆள் புரியும். தோட்டத்துப் பேருக்குக் கட்டாயம் ஒரு கட்டம் வை, தேடலில் அதையும் சேர். பழனிசாமி, பழனிச்சாமி இரண்டும் ஒன்றாகக் கிடைக்க, தேடல் சாவியில் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளை நீக்கிவிடு. ண-ன-ந, ல-ள-ழ, ர-ற ஆகியவற்றையும் ஒன்றாக்கு. காட்டுகிற பேரைத் தொடாதே, அது அவர் எழுதுகிறபடியே இருக்கட்டும்.

கவுண்டர் என்பதைக் கௌண்டர் என்றும் எழுதுவார்கள். அந்தக் கௌ-வில் வருகிற ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்தவர்களும் உண்டு. திரையில் மூன்றாவது இரண்டாவதைப் போலவே தெரியும், கணினிக்கு வேறு சொல். ஒகரத்தை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாக அடித்ததை துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கிற யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் சரிசெய்துவிடும். ளகரம் அடித்ததை அது தொடாது, நீயே மாற்ற வேண்டும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் கிடைத்தால், எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது, யூனிகோடுக்கே மாற்றி, வரிக்கு வரி ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். அகர வரிசையும் தானாக வராது. யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்து நிற்கும், றகரம் லகரத்துக்கு முன்னால் போகும். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் அதில் ஐசியு நிரலகம் தரும் தமிழ் அகர வரிசையைப் பயன்படுத்து. எஸ்க்யூலைட் என்றால் வரிசைச் சாவியை நீயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது முறைக்கு, அதாவது யார் எப்போது எவ்வளவு நேரம் தண்ணீர் பாய்ச்சுவது என்ற சுழற்சிக்கு வருவோம். இந்தப் புராஜெக்ட்டின் உயிரே இதுதான். ஒரு கொப்பு (கிளை) வாய்க்காலுக்கு ஏழு நாள் முறை என்று வைத்துக்கொள், 168 மணி நேரம். வாய்க்கால் நிரம்ப 8 மணி நேரம் போனால் மிச்சம் 160. ஆயக்கட்டு 80 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 2 மணி, சென்ட்டுக்கு 1.2 நிமிஷம். 37 சென்ட்காரருக்கு 44.4 நிமிஷம் வரும். அதை 45 ஆக்குவாய். இப்படி 60 பேருக்குச் சராசரியாக 3 நிமிஷம் மேலே ஏற்றினால் மொத்தம் 3 மணி நேரம் கூடிவிடும். முறை 168 மணியில் முடிந்தாக வேண்டுமே. கடைசியில் நிற்பவர் ஒன்றரை ஏக்கர்காரராக இருந்தால் அவர் முறை முழுசும் காணாமல் போயிருக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முழுமைப்படுத்தாதே. முதல் ஆளிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகையை மட்டும் முழுமைப்படுத்தித் தொடங்கும் நேரமாக எழுது. மிச்சம் மீதி யார் தலையிலும் குவியாது.

வாய்க்கால் உடைந்து நடுவில் தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும்? மாணவர்கள் எழுதுகிற நிரல் பட்டியலை முதலிலிருந்து புதிதாகத் தயாரித்துவிடும். அப்படியானால் தலைமடைக்காரர் இரண்டு தரம் பாய்ச்சுவார், கடைமடைக்கு ஒரு தரமும் வராது. எந்த ஆளில், எத்தனை நிமிஷம் மீதம் இருக்கும்போது நின்றதோ அங்கிருந்து தொடர வேண்டும். வாய்க்கால் மறுபடி நிரம்புகிற நேரத்தையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். செயலாளர் கையால் நேரத்தை மாற்ற இடம் கொடு, ஆனால் காரணம் எழுதாமல் சேமிக்க விடாதே.

நேரத்தைச் சொல்கிற விதத்திலும் கவனம் வேண்டும். "வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு முறை" என்று ஒருவர் சொன்னால் கணினிக்கு அது சனிக்கிழமை அதிகாலை 2 மணி. ஊர்ப்பேச்சில் விடிந்தால்தான் அடுத்த நாள். பதிவில் முழுத் தேதியும் நேரமும் இருக்கட்டும். அச்சில் "வெள்ளி விடிந்தால் சனி, அதிகாலை 2 மணி" என்று போடு. வெறும் "சனி 2.00" என்று போட்டால் ஒருவர் மத்தியானம் மண்வெட்டியோடு மதகுக்கு வந்து நிற்பார், அதற்குள் அவர் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போயிருக்கும்.

செய்தி அனுப்ப எஸ்எம்எஸ்தான் வேண்டும் என்று உன் வழிகாட்டி சொல்லக்கூடும். தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் சபையின் பேர், அனுப்புநர் தலைப்பு, செய்தி வாசகம் எல்லாம் முன்கூட்டிப் பதிந்தால்தான் மொத்தச் செய்தி போகும். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறி மட்டுமே. கொ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு குறி. அதனால் ஒரு முறைச் செய்தி சுலபத்தில் இரண்டு செய்திக் கட்டணத்துக்குப் போய்விடும். ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாகப் போட்டு, பால் சொசைட்டிச் சுவரில் ஏ4 தாளில் ஒட்டினால் போதும். பால் ஊற்ற வருகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அந்தச் சுவரைப் பார்க்கிறார்கள்.

ரசீது விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்கிறேன்: கார்பன் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிடாதே. சின்ன வெப்ப அச்சுப்பொறியின் தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிப்போகும். இங்கே ரசீதை டிரங்குப் பெட்டியில் பத்து வருஷம் வைத்திருப்பவர்கள் உண்டு. 58 மில்லிமீட்டர் அச்சுப்பொறிகளில் தமிழை எழுத்தாக அனுப்பினால் குப்பையாக வரும், 384 புள்ளி அகலப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். புத்தகத்தில் எழுதிய ரசீது எண்ணை மென்பொருளில் பதிவதே போதும். பதிந்த ரசீதை அழிக்கிற பொத்தானே இருக்கக்கூடாது, ரத்து மட்டும். எண்ணில் ஒரு இடைவெளி விழுந்தால் பொதுக்குழுவில் அன்றைக்கு வேறு பேச்சே நடக்காது.

நானூறு உறுப்பினருக்கு மொபைல் ஆப்பும் மேகச் சேவையும் தேவையில்லை. சபை அலுவலகத்தில் ஒரு கணினி, அதில் ஒரே கோப்பாக எஸ்க்யூலைட், உலாவியில் திறக்கிற நாலு திரை. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் இதைச் சின்ன வேலை என்று நினைத்தால், மேலே சொன்ன முறைக் கணக்கை விளக்கு. கல்லூரி லேப் சர்வரில் வைத்தால் அடுத்த பேட்ச் வரும்போது அழிந்துவிடும். மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் சபையின் பேரில் இருக்கட்டும், உன் பேரில் ஒன்றும் வேண்டாம். வாரம் ஒரு நாள் இரண்டு பென்டிரைவில் பிரதி, ஒன்று தலைவர் வீட்டில். அந்தப் பிரதியை வேறு ஒரு கணினியில் திறந்து பார்க்காத வரை அதைப் பிரதி என்று சொல்ல முடியாது.

நாள் கணக்கைப் பார்த்துக்கொள். எட்டாவது செமஸ்டர் ஜனவரியில் தொடங்கும்போது புன்செய்த் தண்ணீரும் வழக்கமாகத் திறந்துவிடும். ஆகவே ஏழாவது செமஸ்டரிலேயே பதிவேட்டை ஏற்றி முடி. புன்செய்யின் முதல் முறை முழுவதும் நோட்டும் மென்பொருளும் கூடவே ஓடட்டும். தினம் சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடு. எங்கே வித்தியாசம் வருகிறதோ, பெரும்பாலும் நோட்டில் எழுதாத ஏதோ ஒரு ஊர் வழக்கம் அங்கே இருக்கும். கடைசி வாரம் நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார். செயலாளரும் இன்னொருவரும் ஒரு கிரயம், ஒரு வசூல், ஒரு ரத்து, நடுவில் நின்ற முறை ஒன்று ஆகிய நான்கையும் உன் உதவி இல்லாமல் பதிய வேண்டும். தடுமாறுகிற இடத்தைத் திரையில் மாற்று, அவரைத் திருத்த முயலாதே.

ரிப்போர்ட்டில் போடுகிற ஸ்கிரீன்ஷாட்களில் உண்மையான பேரும் பாக்கியும் வரக்கூடாது, கற்பனைப் பேர்களை ஏற்றிப் படம் எடு. கிட்ஹப்பில் நிரல் மட்டும் போகட்டும், பட்டியல் போகவே கூடாது. வைவா முடிந்த அன்றைக்கே நாலு பேர் லேப்டாப்பிலும் இருக்கிற பதிவேட்டுப் பிரதியையும், போனில் எடுத்த பட்டாப் படங்களையும் அழித்துவிட்டு, அழித்தோம் என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வார்.

அன்புடன்,
வாய்க்கால் கரையிலிருந்து