சீனப் பிள்ளைகளும் 'டிஃபரண்ட்' என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் நம்மவர் பலர், 'திஸ் பேக் இஸ் டிஃபரண்ட் வித் தட் பேக்' என்று கண்டால், 'வித்'தை அடித்து 'ஃப்ரம்' எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுவாரமும் அதே பிழை. பிள்ளையின் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. சீன மொழியான மாண்டரினில் 'இது அதோடு ஒன்றுபோல் இல்லை' என்பதே அமைப்பு. அந்த 'ஓடு' தான் 'வித்' ஆகிறது. வீட்டில் பேசும் ஹொக்கியன் என்ற சீன வழக்கின் 'போ காங்' என்பதும் 'ஒன்றுபோல் இல்லை' தான். மலாய்ப் பாடமோ 'அந்தாரா' (இடையே) வந்தால் 'டெங்ஙான்' (ஓடு) போடப் பழக்குகிறது. அதனால் 'பிட்வீன் திஸ் வித் தட்' என்றும் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு 'அதிலிருந்து வேறுபட்டது' என்ற பழக்கம் கைகொடுக்கிறது. சீனப் பிள்ளைக்கு அந்தத் துணை இல்லை.

இதைவிடக் கடினம், 'டிஃபரன்ஸ்' வர வேண்டிய இடத்தில் 'வாட் இஸ் தி டிஃபரண்ட்?' என்பது. மாண்டரினில் 'பூ தொங்' (வேறு, வேறுபாடு) என்ற ஒரே சொல் பெயராகவும் பெயரடையாகவும் நிற்கும். மாண்டரின் அசை மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் 'ன்' அல்லது 'ங்' தான். ஆகவே 'டிஃபரண்ட்', 'டிஃபரன்ஸ்' இரண்டும் வாயில் 'டிஃபரன்' ஆகிவிடுகின்றன. காதில் பிரியாததை இலக்கணம் பிரிக்காது. முதலில் கடைசி 'ட்', 'ஸ்' ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்ல வையுங்கள்.

பிறகு இரண்டு பென்சில் பெட்டிகளை மேசைமேல் வைத்து, 'தி டிஃபரன்ஸ் பிட்வீன் திஸ் அண்ட் தட்' என்ற அமைப்பில் மூன்று வாக்கியம், 'திஸ் இஸ் டிஃபரண்ட் ஃப்ரம் தட்' என்ற அமைப்பில் மூன்று வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். வாய்க்குப் பழகிய பிறகே எழுத்து. 'இஸ்' விடுபடுகிறதா என்று கவனியுங்கள்; மாண்டரினில் பெயரடை தனியே பயனிலையாக வரும். 'டிஃபரண்ட் கலர்' என்று பன்மை விகுதி இல்லாமல் எழுதுவதும் தாய்மொழிப் பழக்கமே.

பிரிட்டனில் பேச்சில் 'டிஃபரண்ட் டு', அமெரிக்காவில் 'டிஃபரண்ட் தென்' வருவதுண்டு. தொடக்கநிலையில் அவற்றைக் கொண்டுவந்து குழப்ப வேண்டாம். 'ஃப்ரம்' எங்கும் செல்லும். 'ஃப்ரம்' சரியாக வந்த பிறகும் ஒரு பிழை மிஞ்சும்: 'மை ஆன்சர் இஸ் டிஃபரண்ட் ஃப்ரம் யூ'. விடையை ஆளோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். அங்கே 'யுவர்ஸ்' வர வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு