செயலாளரின் ஆண்டறிக்கை: 5 சென்டிமீட்டருக்குள் ஒரு ரோபோ

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சிறு ரோபோக்கள் செய்யும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ரோபோ மற்றொன்றை வட்டத்துக்கு வெளியே தள்ளும் ரோபோ சுமோ போட்டிகளில் மினி வகைக்கு 10 சென்டிமீட்டர் நீள அகலமும் 500 கிராம் எடையும் எல்லை. மைக்ரோ வகைக்கு மூன்று பக்கமும் 5 சென்டிமீட்டர், எடை 100 கிராம். அதுவரை மினி அளவிலேயே செய்துவந்த நாம், மைக்ரோவுக்கு இறங்குவதென்றும், அதைக் கம்பியில்லாமல் இயக்குவதென்றும் முடிவெடுத்தோம். முடிவு நிறைவேறியிருக்கிறது. மேடையருகே மேசையில் நிற்பவை அனைத்தும் நம் உறுப்பினர்களின் கைவேலை. கூட்டம் முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள்.

அளவு குறைந்ததும் எல்லோரையும் சோதித்தது மின்சாரம்தான். ரோபோவின் மூளையாக இருக்கும், இஎஸ்பி32-சி3 சில்லு வைத்த சிறிய போர்டு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இல்லை. நிரல் எழுதுவதிலும் யாரும் திணறவில்லை. ஆனால் பழைய ரோபோக்களில் இருந்த எல்298என் மோட்டார் டிரைவர், அதாவது போர்டின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் விடும் பகுதி, தன் வழியே போகும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் அது உறைக்காது. 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? அதனால் அனைவரும் டிஆர்வி8833 டிரைவருக்கு மாறினோம். அது 2.7 வோல்ட்டிலேயே வேலை செய்கிறது. அதன் பிறகும் சில ரோபோக்கள் புறப்படும் நொடியில் அணைந்து அணைந்து எழுந்தன. மோட்டார் இழுக்கும் நேரமும் ரேடியோ செய்தி அனுப்பும் நேரமும் ஒன்றாகும்போது மின்னழுத்தம் சரிந்து போர்டு மறுபடி தொடங்கிவிடுகிறது. போர்டின் மின்முனைகளை ஒட்டியே ஒரு மின்தேக்கியை வைத்ததும் அது நின்றது.

சார்ஜ் செய்வது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைகள் கையாளும் பொருள் இது. நாம் வாங்கும் டிபி4056 சார்ஜர் பலகைகள் 1 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு அமைக்கப்பட்டு வருகின்றன. நம் ரோபோவில் இருப்பது 150 மில்லி ஆம்பியர்-மணி செல். அதை அந்த வேகத்தில் சார்ஜ் செய்தால் செல் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். பலகையில் 122 என்று அச்சிட்ட ஒரு மின்தடை இருக்கும், 1.2 கிலோ ஓம். அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் மின்னோட்டம் 130 மில்லி ஆம்பியராகக் குறையும். அந்த மின்தடை எள்ளைவிடச் சற்றே பெரிது. எடுக்கப் போனால் பறந்துவிடும், வைக்கப் போனால் சாய்ந்துவிடும்.

இங்கேதான் சேலத்தின் வெள்ளிப் பட்டறைப் பகுதியான செவ்வாய்ப்பேட்டை நமக்குக் கைகொடுத்தது. கொலுசுப் பட்டறைக் குடும்பத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அனைவருக்கும் இந்தப் பற்றவைப்பு வேலையைக் கற்றுத்தந்தார். வெள்ளிக்கு வெண்காரம், ஊதுகுழல், பெரும் சூடு. போர்டுக்கு ரோசின் என்ற பிசின், மெல்லிய முனை, குறைந்த சூடு. பொருள்கள் வேறு, கைப்பழக்கம் ஒன்றே. சாமணத்தை அழுத்திப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டை மேசையில் ஊன்றுங்கள், மூச்சை விட்டபிறகு முனையை வையுங்கள் என்று அவர் சொன்ன முறையில் பொறியியல் மாணவர்களும் கற்றார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கற்றார்கள். இந்த ஊரின் தொழில் நம் சங்கத்துக்குள் வந்து உட்கார்ந்ததை இந்த ஆண்டின் பெருமையாகவே கருதுகிறேன்.

ரோபோவைக் கம்பியில்லாமல் இயக்குவதற்கு, போர்டுகள் நேரடியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் இஎஸ்பி-நவ் முறையைக் கையாண்டோம். கையில் இருப்பதும் ரோபோவில் இருப்பதுமான இரண்டு போர்டுகளும் ஒரே சேனலில் இருந்தால் போதும். ரூட்டரோ இணையமோ தேவையில்லை. ஒரு செய்தியில் 250 பைட் அனுப்பலாம் என்றாலும், ஒரு ஜாய்ஸ்டிக்கின் நிலையைச் சொல்லச் சில பைட்டுகளே ஆகும். செய்தி வருவது அரை நொடி நின்றால் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் விதியாக்கியிருக்கிறோம். இதற்கு விலக்கு யாருக்கும் இல்லை.

ஏற்காட்டு முகாம் பற்றி. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெட்டிகளைக் கொண்டுபோனோம். பருவம் முடிந்து காலியாகக் கிடந்த, காப்பி உலர்த்தும் ஒரு களத்தின் சிமென்ட் தரை, ரோபோ ஓட்டுவதற்கென்றே போட்டதுபோல் அமைந்தது. மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் போர்டு கொடுத்தோம். பிரிட்டனில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கென வந்த அந்தப் போர்டு நம் 5 சென்டிமீட்டர் எல்லைக்குள் அடங்காது. ஆனால் கற்க அதைவிட எளிதானது நமக்குக் கிடைக்கவில்லை. அதன் ரேடியோவில் 0 முதல் 255 வரை குழு எண் உண்டு; ஒரே எண் வைத்த போர்டுகள் மட்டுமே ஒன்றின் செய்தியை ஒன்று கேட்கும். முதலில் எல்லோருக்கும் வேண்டுமென்றே ஒரே எண்ணைக் கொடுத்தோம். ஒரு சிறுமி பொத்தானை அழுத்தியதும் களத்திலிருந்த எல்லா ரோபோக்களும் ஒன்றாகத் திரும்பின. ஒரு கணம் அமைதி, பிறகு கூச்சல். ஏன் இப்படி ஆயிற்று என்று அவர்களே பேசி, ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டார்கள். கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவு வந்திருக்காது.

மாதக் கூட்டங்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஹார்வர்டில் ராதிகா நாக்பாலின் குழு 2014-ல் கிலோபாட் எனும் 1024 சிறு ரோபோக்களைச் சேர்ந்து இயங்கவைத்த ஆய்வு பற்றிய உரை அது. ஒவ்வொன்றும் 33 மில்லிமீட்டர் அகலம். சக்கரம் கிடையாது, அதிர்வு மோட்டார்களால் நகர்பவை. உரையைக் கேட்ட இளைஞர்கள் பழைய கைப்பேசிகளின் அதிர்வு மோட்டார்களைக் கழற்றத் தொடங்கியிருக்கிறார்கள்.

எல்லாம் பொருத்தி வரும் ரோபோப் பெட்டிகளைப் பள்ளிகளுக்கு வாங்கித் தரலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. பெட்டி ரோபோ பழுதானால் பரணுக்குப் போகும். தன் கையால் பற்றவைத்ததைப் பிள்ளை மறுபடி பிரித்துப் பார்க்கும். இருக்கும் பணத்தில் மோட்டார்களும், உருப்பெருக்கி விளக்கும், தீப்பிடிக்காத சார்ஜ் மேசை ஒன்றும் வாங்க அனுமதி கோருகிறேன். மின்தடை மாற்றாத சார்ஜரை யாருக்கும் வழங்குவதில்லை என்ற தீர்மானத்தையும் இன்றே நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறை கொடுத்தவர், களம் கொடுத்த தோட்டக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளைத் தந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றி. இவ்வறிக்கைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்