அப்பாவுக்கு, நியூ ஜெர்சியிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேச ஆரம்பித்தாலே சின்னவன் வந்து பிடுங்கிக்கொள்கிறான், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் கேட்டீர்களே, "பிழைக்கப் போன இடத்தில் பள்ளிக்கூடத்துக்காரர்களோடு எதற்கம்மா வம்பு, விசாவில் வேறு இருக்கிறீர்கள்" என்று. இது வம்பு இல்லையப்பா. ஊனமுள்ள பிள்ளைக்கு என்ன படிப்பு, எப்படிப் படிப்பு என்று முடிவு செய்யும் கூட்டத்தில் பெற்றோரும் ஓர் அங்கம் என்று இந்த ஊர்ச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. விசா கணக்கிலேயே வராது. குடியேற்றக் காகிதம் இல்லாத பிள்ளைகளையும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டெக்சாஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. நாங்கள் காகிதத்தோடு வந்தவர்கள்தானே.

சின்னவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும், பிள்ளையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி உங்கள் மாப்பிள்ளை பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு பக்கம் எழுதிப் போட்டார். இந்த மாநிலத்தில் எழுத்தில் கேட்டால் 20 நாளுக்குள் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். சோதனைக்கு நாம் சம்மதக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து 90 நாளுக்குள் சோதனை, முடிவு, திட்டம் எல்லாம் முடிந்து வகுப்பே தொடங்கியிருக்க வேண்டும். நமக்கு ஒரு காசு செலவில்லை. மூன்று வயதிலிருந்தே இந்த உரிமை உண்டு.

அப்புறம் ஐ.இ.பி. என்று ஒரு ஆவணம் தயாராகும், அந்த ஒரு பிள்ளைக்கென்றே எழுதும் படிப்புத் திட்டம். நீங்கள் பார்த்தால் ரசிப்பீர்கள். கிரயப் பத்திரத்தில் வடக்கே இன்னார் மனை, தெற்கே பொது வாய்க்கால் என்று நான்கெல்லையும் விடாமல் எழுதுவீர்களே, அந்த மாதிரி. "நன்றாகப் பேசக் கற்றுக்கொடுப்போம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது. "தண்ணீர் வேண்டுமென்றால் அழாமல், வாயால் சொல்லியோ பட அட்டையைக் காட்டியோ கேட்பான், ஐந்து தடவைக்கு நான்கு தடவை" என்று இருக்கும். அதை யார் குறித்துவைப்பது, வாரத்துக்கு எத்தனை நிமிடம் தெரபி, தனியாகவா குழுவாகவா, மற்றப் பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் இருப்பான், எல்லாமே எழுத்தில்.

எங்களுக்குச் சிக்கல் வந்தது அந்த "தனியாகவா குழுவாகவா"வில்தான். ஐந்து பிள்ளைகள் இருக்கும் குழுவில் இவனுக்கு ஸ்பீச் தெரபி என்று போட்டிருந்தார்கள். அத்தனை சத்தத்தில் இவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான் என்று அவனுடைய டீச்சரே குறிப்பு எழுதியிருக்கிறார். தனியாக வேண்டும் என்றோம். கூட்டத்தில் எதிரே இருந்த பள்ளிக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு, "எங்களுக்கும் ஆசைதான், ஆனால் தெரபிஸ்ட் பற்றாக்குறை" என்றார். கோபமே வராத மாதிரி பேசுகிறார்கள் அப்பா, அதுதான் கஷ்டம். யாராவது கத்தினால் நாமும் கத்தலாம்.

உங்கள் மாப்பிள்ளை கையிலிருந்த குறிப்பைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "மறுக்கிறீர்கள் என்றால் சரி, என்ன காரணத்துக்காக, எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்." பெற்றோர் கேட்டதை மறுத்தால் அப்படி எழுதிக் கொடுப்பது இங்கே பள்ளியின் கடமை. பிள்ளைக்கு எது தேவை என்பதுதான் அளவுகோல், ஆள் பற்றாக்குறையைக் காரணமாக எழுத முடியாது. கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது. எங்கள் பிள்ளையின் கோப்பைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர் பேனாவை மூடி, "இன்னொரு முறை பார்த்துச் சொல்கிறோம்" என்றார். பிறகு வந்த திருத்தத்தில் தனி வகுப்பு இருந்தது.

இதெல்லாம் தானாக வரவில்லை. 1972-ல் வாஷிங்டனில் ஒரு வழக்கு. ஊனமுள்ள பிள்ளைகளைச் சேர்க்கப் பணமில்லை என்றது நிர்வாகம். பணம் குறைவென்றால் அந்தக் குறையை இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டாதே என்றார் நீதிபதி. பென்சில்வேனியாவிலும் அதே சமயம் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1975-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். அதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். அமெரிக்காவில், அப்பா! 2017-ல் கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் வழக்கு வந்தது. வருஷா வருஷம் அதே இலக்கையே திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள் என்பது அவன் பெற்றோரின் குறை. பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதைப் படித்த பிறகு நான் ஒவ்வொரு வருஷமும் பழைய ஐ.இ.பி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதைப் படிக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டு இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் படிப்புக்கு நாட்டில் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை இந்தப் பிள்ளைகளுக்காகத் தருவதாக மத்திய அரசு 1975-ல் சொன்னது, இன்றுவரை அந்த அளவைத் தந்ததேயில்லை. அந்தச் சுமை உள்ளூர் வரிமேல் விழுகிறது, ஊருக்கு ஊர் வித்தியாசம். விசாரணை வரை போனால் வக்கீல் செலவு தாங்காது. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும்தான், ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு யார் சொல்வது? சட்டம் எல்லோருக்கும் ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரம் உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

எதிர்வீட்டு அக்கா தன் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் அழுதாராமே. நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. அரசு நிதி பெறுகிற பள்ளி மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், அது 16-வது பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால் 6 வயதிலிருந்து 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம், 31-வது பிரிவு. உங்களைவிட நன்றாக மனு எழுத நம் தெருவில் ஆளில்லை. முதலில் பள்ளிக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள், சேர்க்க மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லி. தரவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அடுத்தது. ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு. தேதியை மட்டும் அந்த அக்காவை ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பேரன் இப்போது "தாத்தா" என்று போட்டோவைக் காட்டிச் சொல்கிறான். அது ஐ.இ.பி.யில் இல்லாத இலக்கு. பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்