நட்ட கணக்கு தெரிகிறது, பிழைத்த கணக்கு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெய்வேலியில் நிலக்கரி எடுத்து முடித்து, மண் நிரப்பிய நிலங்களில் பசுமை திரும்புவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க நட்ட கன்றுகளின் எண்ணிக்கைதான் இருந்தது. இந்த மாவட்டத்தில் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிலம் தேறிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பழுப்பு நிலக்கரி பல பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் மேலுள்ள மண்ணையும் மணற்கல்லையும் வெட்டியெடுத்துத் திரும்பக் குழியில் கொட்டும்போது அடியில் கிடந்தது மேலே வந்துவிடுகிறது. அதில் மட்கு கிடையாது, விதை கிடையாது, வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையும் கிடையாது. வளமான மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் பரப்பச் சொல்வது இதனால்தான். அதையும் ஆண்டுக்கணக்கில் குவித்தே வைத்திருந்தால் உள்ளிருக்கும் விதைகள் முளைக்கும் திறனை இழந்துவிடும். இப்படிப்பட்ட மண்ணில் முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கன்றும் நிற்கும். தண்ணீரை நிறுத்திய பிறகு வரும் கோடையில்தான் உண்மை தெரியும்.

அதைவிட முக்கியமானது, யாரும் நடாமல் தானாக வந்தவை. முதலில் கொழுஞ்சி வந்திருக்கிறதா என்று நான் பார்ப்பேன். அது அவரை இனச் செடி. வேர் முடிச்சு வழியாக மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். அடுத்து, நட்ட மரங்களின் அடியில் வேம்பும் நாவலும் முளைத்திருக்கின்றனவா? முளைத்திருந்தால் பழம் தின்னும் சின்னான் குருவிகளும் வௌவால்களும் அங்கே வந்து போகின்றன என்று அர்த்தம். தைல மரத்தை வரிசை வரிசையாக நட்டு, அடியில் புல்கூட இல்லாமல் கிடந்தால் அது தோப்புதான், காடாகாது. சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அதையும் பசுமைக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

செயற்கைக்கோள் படம் இங்கேதான் நம்மை ஏமாற்றும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், ஐந்து நாளைக்கு ஒருமுறை, இலவசமாகவே கிடைக்கின்றன. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டு எங்கே எவ்வளவு பச்சை என்று அவற்றிலிருந்து கணக்கிடலாம். அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களை, ராஞ்சியிலுள்ள அதன் திட்டமிடல் பிரிவான சி.எம்.பி.டி.ஐ. ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படம் வைத்து அளக்கிறது. நல்ல காரியம், பரப்பு தெரிந்துவிடும். ஆனால் நாவலா சீமைக்கருவேலமா என்று அந்தப் பச்சை சொல்லாது. போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் கடலூர் மாவட்டத்தின் தரிசுகூடப் பச்சையாகத்தான் இருக்கும்.

ஆகவே தரையில் இறங்கி எண்ணித்தான் ஆக வேண்டும். பத்து மீட்டர் சதுரமாகச் சில இடங்களைத் தேர்ந்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றி, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே சதுரங்களில் போய் எண்ண வேண்டும். உள்ளே ஒரு மீட்டர் சதுரத்தில் புல் பூண்டுகளைத் தனியாக எண்ணலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுற்று வட்டாரத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரியாத செடியா? அவர்களில் சிலருக்குக் கூலி கொடுத்துக் கூடவே அழைத்துப் போனால் பட்டதாரிகள் தவறவிடுவதையும் காட்டிக் கொடுப்பார்கள்.

எதனோடு ஒப்பிடுவது என்று கேட்கலாம். நம் கடற்கரை மாவட்டங்களின் கோயில் காடுகளில் காசா, வீரை, உலக்கைப்பாலை போன்ற நாட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன. இந்தச் செம்மண்ணுக்கு உரிய காடு அதுதான். ஆரோவில்லில் 1968 முதல், இதே கடலூர் மணற்கல் பூமியில், முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நிழலுக்கு விட்டு, பிறகு நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே சுரங்கம் கிடையாது, மண் புரளவில்லை. அதனால் முழு ஒப்பீடு ஆகாது, ஆனாலும் வழி தெரிகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கங்களில், நிலத்தை மீட்டு ஒன்பது மாதம் ஆனதும் மரக்கன்றுகளை எண்ணி, பதினைந்து மாதம் ஆனதும் செடி வகைகளைத் தோண்டாத காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் உயிரினங்களும் தழைக்கத் தகுந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சுரங்கக் குத்தகையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. அந்த நிலை வந்துவிட்டதா என்று யார் அளந்து சொல்வது? சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்த அறிக்கையில் ஓர் அட்டவணை சேர்த்தால் போதும்: எந்த ஆண்டு நட்டது, இன்று உயிரோடு இருப்பது எத்தனை, தானாக வந்த வகைகள் எவை, சதுரங்கள் இருக்குமிடம். கேள்வி கேட்கத் தெரிந்தவன் போய்ச் சரிபார்த்துக்கொள்வான்.

உங்கள் நிருபர் அடுத்த முறை போகும்போது இந்த வருடம் நட்டதை விட்டுவிட்டு, பத்து வருடத்துக்கு முன் நட்ட இடத்தைக் காட்டச் சொல்லட்டும். முடிந்தால் மே மாதத்தில் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
விருத்தாசலம்