அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் அலுவலகங்களுக்கு: பிள்ளைகளின் எழுத்தை எப்படித்தான் எடை போடுகிறீர்கள்?

வணக்கம். தமிழில் எழுதினால் உங்களுக்கு எங்கே போய்ச் சேரப்போகிறது என்று கேட்கலாம். உங்களுக்கு ஃபீஸ் கட்டுகிற, இனிமேல் கட்டப்போகிற தமிழ்ப் பெற்றோர் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான். வார இறுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எஸ்.ஏ.டி., அதாவது கல்லூரியில் சேர எழுதுகிற தேர்வு, சொல்லிக்கொடுக்கிறவன் நான். வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அங்கிள், எழுத்துக்கு அவங்க எவ்வளவு வெயிட் தருவாங்க?" எனக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியுமா?

இந்தத் தேர்வில் எழுத்து வந்ததற்கே உங்கள் பக்கத்து ஆட்கள்தான் காரணம். 2001இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன் அப்போதைய எஸ்.ஏ.டி.யைத் தூக்கிவிடலாம் என்று பேசியதும், அந்தத் தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டு பதறிப்போய்த் தேர்வையே மாற்றியது. 2005 மார்ச்சில், வாசிப்புக்கும் கணக்குக்கும் இருந்த 1600உடன், ஒரு கட்டுரையும் இலக்கணக் கேள்விகளும் கொண்ட எழுத்துப் பகுதிக்கு 800 மதிப்பெண் சேர்ந்து மொத்தம் 2400 ஆனது. சரி, வந்த பிறகு என்ன செய்தீர்கள்? உங்களில் பலர் புதிய 800ஐ ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி 1600ஐ மட்டும் பார்த்தீர்கள். சிலர் அதை வெளிப்படையாகச் சொன்னீர்கள், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றுக்கும் உட்கார்ந்து படித்தார்கள்.

அந்தக் கட்டுரையில் கோளாறே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 25 நிமிடம், கோடு போட்ட இரண்டு பக்கம், பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனாவில் எழுதினால் பூஜ்யம். இரண்டு பேர் படித்து ஆளுக்கு 6க்கு மதிப்பெண் போடுவார்கள், அதுவும் இரண்டு மூன்று நிமிடங்களில். நீளத்தை மட்டும் பார்த்தே பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம் என்று எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மன் 2005லேயே காட்டிவிட்டார், அதாவது கட்டுரையை முழம் போட்டுப் பூ விற்கிற மாதிரி அளந்திருக்கிறார்கள். வரலாற்றுத் தகவலைத் தப்பாக எழுதினாலும் மதிப்பெண் குறையாது என்பது வேறு. 2011 மார்ச்சில் ரியாலிட்டி டிவியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, டிவியே பார்க்கவிடாமல் வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்ததாக அப்போது பெரிய சண்டை.

ஆனால் 2008இல் காலேஜ் போர்டு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி முதல் வருட மதிப்பெண்ணை மூன்று பகுதிகளில் எழுத்துப் பகுதிதான் கொஞ்சம் கூடுதலாகக் கணித்தது என்று வந்தது. தன் சரக்கைத் தானே புகழ்கிறது என்று தள்ளிவிடலாம்தான். தவிர, அந்த 800இல் கட்டுரையின் பங்கு மூன்றில் ஒன்றுகூட வராது, மீதியெல்லாம் ஐந்து விடையில் ஒன்றைக் குறிக்கிற இலக்கணக் கேள்விகள். இருந்தாலும் உங்களில் பலர் கண்டுகொள்ளாமல் விட்ட பகுதி அது.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 2016இல் கட்டுரை விருப்பப் பகுதியானது. 2018இல் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் என்று ஒவ்வொருவராக அது வேண்டாம் என்றார்கள். கூடுதல் கட்டணம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சுமை என்ற காரணம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. 2021 ஜூனோடு காலேஜ் போர்டும் அந்தக் கட்டுரையைப் பெரும்பாலும் மூட்டை கட்டிவிட்டது. கோளாறு மதிப்பெண் போட்ட விதத்தில், நீங்கள் தூக்கிப் போட்டதோ எழுதுவதையே. இப்போது லேப்டாப்பில் நடக்கிற எஸ்.ஏ.டி.யில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் சேர்த்து 64 நிமிடம், 54 கேள்வி. பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை.

ஆக, உங்களிடம் மிஞ்சியது பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்புக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற கட்டுரை, அதிகபட்சம் 650 சொல். அதை யார் எழுதுகிறார்கள்? மணிக்கணக்குக்குப் பணம் வாங்குகிற கவுன்சிலர் பத்து முறை திருத்திய கட்டுரையும் பார்த்திருக்கிறேன், சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததில் இரண்டு எழுத்துப் பிழையை வேண்டுமென்றே செருகி வைத்த புத்திசாலியையும் பார்த்திருக்கிறேன். டியூக் பல்கலைக்கழகம் கட்டுரைகளுக்கு எண் மதிப்பீடு போடுவதையே நிறுத்திவிட்டதாக 2024இல் செய்தி வந்தது.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. உங்கள் சேர்க்கை விவரங்களைச் சொல்லி நீங்கள் வருஷந்தோறும் நிரப்புகிற காமன் டேட்டா செட் படிவத்தில், தேர்வுக் கட்டுரையை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. டிக் செய்ய வேண்டிய பதில்களில் ஒன்று, விண்ணப்பக் கட்டுரை உண்மையிலேயே மாணவர் எழுதியதா என்று சரிபார்க்க என்பது. மாணவர் தேர்வு அறையில் கைப்பட எழுதியதன் ஸ்கேன் பிரதியையும் நீங்கள் கேட்டால் பார்க்க முடிந்தது. அது பெரிதாகத் தேவைப்படாத காலத்தில் கையில் வைத்திருந்தீர்கள், தேவைப்படுகிற காலத்தில் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கண்காணிப்பாளர் முன்னால், அதே லேப்டாப்பில், அரை மணி நேரம் எழுத வையுங்கள். மதிப்பெண் வேண்டாம், தனிக் கட்டணம் வேண்டாம், எழுதியதை அப்படியே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் பிரின்ஸ்டன் செய்கிற மாதிரி, பள்ளி ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போட்ட ஒரு பேப்பரைக் கேளுங்கள். ஆசிரியரின் கிறுக்கலோடு வரும், போலியாகத் தயாரிப்பதும் கொஞ்சம் கஷ்டம்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எஸ்.ஏ.டி.க்குப் போட்டித் தேர்வான ஏ.சி.டி.யில் 40 நிமிடக் கட்டுரை விருப்பப் பகுதியாக இன்னும் இருக்கிறது. அதை எழுதி அனுப்பினால் படிப்பீர்களா, படித்தால் எதற்கு என்று உங்கள் இணையதளத்தில் இரண்டு வரி போடுங்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி காமன் ஆப் திறப்பதற்குள் போட்டீர்கள் என்றால் நல்லது, அதற்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்று அடுத்த பேட்ச் பிள்ளைகள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.